லண்டனுக்கு மீள்வோரின் அவயவங்கள் வந்துசேரும் கிரமம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்னையில் விடுமுறையைக் கழித்துவிட்டு லண்டனுக்குத் திரும்புகிற ஒருவர், ஹீத்ரோவில் கடவுச்சீட்டைக் காட்டி, பெட்டிகளை உருட்டிக்கொண்டு வெளியே வந்த மாத்திரத்தில் லண்டன் வந்துசேர்ந்துவிட்டார் என்பது குடியேற்ற இலாகாவின் கொள்கை. தர்க்க சாஸ்திரம் அறிந்தவர்கள் இதை ஹேத்வாபாஸம், அதாவது போலிக் காரணம், என்று தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு வந்தது சரீரம் என்கிற மூட்டை மட்டுமே. அதைச் சேர்ந்த அவயவங்களோ தத்தம் சௌகரியம்போல் வெவ்வேறு தினங்களில், சில சமயம் வாரக்கணக்கில் பிந்தி வந்துசேருகின்றன என்பதும், அவ்வருகைக்கு மாறாத ஒரு கிரமம் உண்டு என்பதுமே இக்கட்டுரையின் சித்தாந்தம்.

இவ்வாராய்ச்சிக்கு உரியவர் மீள்வாசி ஒருவரே. புதிதாகக் குடியேறுகிறவர் இதில் சேரமாட்டார். புதியவர் எதையும் யாரிடமும் கூசாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தவறினாலும் உலகம் மன்னிக்கும். மீள்வாசியோ, தெரிந்த ஊராயிற்றே என்ற கௌரவத்தினால் வாய் திறந்து கேட்க முடியாமல், தெரிந்ததையே மறுபடியும் ரகசியமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறார்.

முதலில் வந்துசேர்வது கை. பழைய லண்டன் வீடுகளின் குளியலறையில், ஒரே தொட்டிக்கு இரண்டு குழாய்கள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நீர் பிரதான குழாயிலிருந்து நேரே வருவது, குடிக்கத் தகுந்தது. வெந்நீரோ பரணிலிருந்த தொட்டியிலே தேங்கிப் பிறகு காய்ந்து வந்தது, அதன் சுத்தத்துக்கு யாரும் ஜவாப்தாரி அல்ல. ஆகவே இரண்டையும் ஒரே குழாயில் கலக்கவிட்டால் பின்னது முன்னதைக் கெடுக்கும் என்று அந்நாளைய அதிகாரிகள் அஞ்சினார்கள். மீள்வாசி முதல் நாள் காலையில் அரைத் தூக்கத்தோடு இடது குழாயைத் திறந்து கையை நீட்டுகிறார். சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைக்குப் போவதில்லை. கை அந்தக் கணமே லண்டன் வந்துவிடுகிறது.

அடுத்தது, நிற்கிற கால். லண்டன் பாதாள ரயிலில் நகரும் படிக்கட்டு முதன்முதலாக 1911-ல் எர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் அமைக்கப்பட்டது. அதிலே நிற்பவர் வலப்புறம் நிற்க வேண்டும், இடப்புறம் நடப்பவருக்கு உரியது என்ற விதியை வேதவாக்காகக் கொண்டாடுகிறவர்கள் அந்நகரத்தார். நம்முடைய சென்னையிலோ நகரும் படிக்கட்டு என்பது குடும்ப சமேதராய் அகலம் முழுவதையும் அடைத்து நின்று, மேலே போய் என்ன வாங்கலாம் என்று ஆலோசிக்கும் மண்டபம். ஆயினும் மீள்வாசியின் பின்னே எழுகிற ஒரே ஒரு மெல்லிய கனைப்பு அவரை வலப்புறம் ஒதுக்கிவிடுகிறது. வெட்கத்தைவிட விரைவான ஆசிரியர் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விதியே கணக்குக்கு ஒவ்வாதது. ஹோல்பர்ன் நிலையத்தின் படிக்கட்டு 23 மீட்டருக்கு மேல் உயரம். அவ்வளவு உயரத்தை நடந்தே ஏற ஆசைப்படுகிறவர்கள் சொற்பமாதலால், இடப்பக்கம் பாதி காலியாய்ப் போக, வலப்பக்கத்துக்கு வரிசை கீழே நீண்டு நிற்கும். 2015-ல் நிர்வாகத்தார் சில வாரங்களுக்கு எல்லோரையும் இருபுறமும் நிற்கச் சொல்லிப் பரீட்சித்தபோது, நெரிசல் வேளையில் முன்னிலும் அதிக ஜனங்கள் மேலேறியது நிரூபணமாயிற்று. மறுவருஷம் ஆறு மாதம் மறுபடியும் பரீட்சித்தார்கள். இருந்தும் பழைய ஆசாரமே வென்றது. ஆசாரத்தைக் கணக்குக் காட்டி மாற்றலாம் என்று நினைப்பவர்கள் நம் தேசத்திலும் உண்டு.

மூன்றாவதாகிய வயிறு சூரியனுக்குக் கட்டுப்பட்டது. குளிர்காலத்தில் நம் கடிகாரம் லண்டனுக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே சென்னையில் காலை ஏழு மணிக்கு இட்லிக்குப் பழகிய வயிறு, லண்டனில் இரவு ஒன்றரை மணிக்கே கதவைத் தட்டுகிறது. மேற்கு நோக்கிய பிரயாணம் கிழக்கு நோக்கியதைவிட எளிது என்பது சாஸ்திரக்காரர்களின் முடிவு. தன்போக்கில் விடப்பட்ட தேகத்தின் கடிகாரம் 24 மணிக்குச் சற்றே மிகுந்து ஓடுவதனால், நாள் நீளுவதை அது பொறுத்துக்கொள்ளும், குறுகுவதைப் பொறுக்காது என்கிறார்கள். அர்த்தராத்திரியில் சமையலறை விளக்கைப் போட்டு, ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பாவைத் திறந்து, ரொட்டித் துண்டின்மேல் பொடியைத் தூவி, அதன்மேல் நெய்யையும் விட்டு, நின்றபடியே தின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு இந்த முடிவு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது ஆராயத்தக்கது. லண்டனிலேயே ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இட்லியே கிடைக்கிறதே என்பது எதிர்வாதமாகிய பூர்வபக்ஷம். கிடைக்கிறது, ஒன்றரை மணிக்குக் கிடைப்பதில்லை.

நாக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதலில் பேசுவது சீதோஷ்ணத்தைப் பற்றியே என்று டாக்டர் ஜான்ஸன் 1758-லேயே எழுதிவிட்டார். வெயிலில் காய்ந்து வந்த மீள்வாசி முதல் சில தினங்கள் தூறலைப் பார்த்து, "ஆகா, என்ன குளுமை!" என்று பாராட்டுவதும், அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் புரியாமல் விழிப்பதும் சகஜம். அதே தூறலை அவர் எப்போது வைகிறாரோ அப்போது நாக்கு வந்துவிட்டது.

இனி, எல்லாவற்றுக்கும் பிந்தி வருவது எது? கழுத்து அல்ல; இங்கிலாந்திலும் வண்டிகள் இடப்புறமே ஓடுவதனால், தெருவில் எழுதிவைத்த "வலப்புறம் பார்" என்ற எச்சரிக்கை ஐரோப்பாக் கண்டத்தாருக்கு அவசியமே தவிர நமக்கு அவசியமில்லை. கடைசியில் வருவதும் காலே. ஆனால் நிற்கிற கால் அன்று, நடக்கிற கால். அது வரிக்குதிரைக் கோடுகளின்மேல் வைக்க வேண்டிய கால்.

அந்தக் கடவைகளின் இருபுறமும் கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் மஞ்சள் உருண்டை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்; 1934-ல் போக்குவரத்து மந்திரியாயிருந்த ஹோர்-பெலீஷாவின் பெயரை அது இன்றும் சுமக்கிறது. கோடுகள் 1951-ல் வந்தன. கோட்டில் கால் வைத்தவருக்கு வண்டி நிற்க வேண்டும் என்பது நெடுநாளைய சட்டம். 2022 ஜனவரி முதல், கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று சாலை விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். மீள்வாசிக்கு இவையெல்லாம் மனப்பாடம். ஆனால் கால் சட்டம் படித்ததில்லை. அவர் நடைபாதை விளிம்பில் வந்து நிற்கிறார். வருகிற கார் நிற்கிறது. நமக்காக நின்றிருக்காது, பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது யாரோ இறங்கப்போகிறார்கள் என்று அனுமானித்து, "நீங்கள் போங்கள்" என்று கையசைக்கிறார். காரோட்டுகிற அம்மாள் புன்சிரிப்போடு "நீங்கள் போங்கள்" என்று கையசைக்கிறாள். இந்த உபசாரம் மும்முறை நடந்து, பின்னால் ஒரு சிவப்புப் பேருந்தும் வந்து நின்றபின், அவர் கடக்கிறார். நடந்து அல்ல, ஓடி. ஓடுகையில் இடக்கையோ வலக்கையோ தானாக நீண்டு, உள்ளங்கையை விரித்து, ஏற்கெனவே நின்றுவிட்ட வண்டியை நிறுத்துகிறது.

சூடும் வெட்கமும் சூரியனும் மற்ற அவயவங்களை இழுத்துவந்துவிட்டன; இந்தக் காலை இழுத்துவர விசுவாசம் ஒன்றைத் தவிர வேறு கயிறு இல்லை, அதுவோ மிகவும் மெல்ல வளர்வது. முதலில் ஓட்டம் நடையாகிறது. பிறகு நீட்டிய கை பைக்குள் போகிறது. பிறகு ஒரு நாள், காரோட்டியின் முகத்தைப் பாராமலே, வீட்டில் பாலும் ரொட்டியும் இருக்கின்றனவா என்ற நினைவில் அவர் கோட்டின்மேல் இறங்கி நடந்துவிடுகிறார். அன்றைக்கே மீள்குடியேற்றம் சம்பூர்ணம். அந்தக் காலோடு உடனே சென்னைக்கு விமானம் ஏறி அண்ணா சாலையைக் கடக்க முயலலாகாது என்பது மட்டும் ஓர் உபவிதி.

கடந்தபின் வண்டிக்காரருக்கு நன்றி தெரிவிக்க வேண்டுமா என்பதில் சட்டம் மௌனம் சாதிக்கிறது. ஆசாரம் வேண்டும் என்கிறது. கையை இடுப்பளவு உயர்த்தினால் போதும் என்பது ஒரு பக்ஷம். தலையை அசைத்தாலே போதும் என்பது மற்றொரு பக்ஷம். நம்முடைய தலையசைப்பு ஆமா இல்லையா என்று அவர்களுக்கு இன்னும் விளங்கியபாடில்லை. ஆதலால் நான் கையையும் சேர்த்தே தூக்கிவிடுகிறேன்.