கவரைப் பிரிச்சுட்டு நடுங்க, தம்பி

வாங்க தம்பி, வாங்க. ஐயனார் தோப்புல மரம் நட வந்தீங்களாமே, ரொம்ப சந்தோஷம். எங்க ஊர் ஆடுங்களுக்கும் சந்தோஷம்தான். ஞாயித்துக்கிழமை பட்டணத்துக் கார் சத்தம் கேட்டாலே கட்டுத்தறியில நிக்க மாட்டேங்குதுங்க.

நீங்க நட்ட அழகைத் திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு கன்னுக்குப் பத்துப் பேர். ஒருத்தர் பூவாளியைச் சாய்ச்சுப் புடிக்கிறார். தண்ணி வரல, வராட்டியும் போட்டோவுல தெரியாதாம். கடைசியில கன்னு இருந்த கருப்பு கவரைப் பிரிக்காமலே குழியில எறக்கி மண்ணைத் தள்ளிட்டீங்க. நல்ல யோசனை! வேர் எங்கயும் ஓடாம அடங்கிக் கிடக்கும். அடுத்த வருஷம் அதே குழியில இன்னொண்ணு வைக்கலாம், வெட்டுக்கூலி மிச்சம்.

கோவிச்சுக்காதீங்க. மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கலுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. ஏரிக்குள்ள நீர்க்கடம்பு தண்ணியிலயே நிக்கும். ஐப்பசி மழைக்கப்புறம் பங்குனி வரைக்கும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரான்னு கிளைக்குக் கிளை குடித்தனம். அந்த ஊர்க்காரங்க அதுக்கு என்ன விழா எடுத்தாங்க? வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவையைச் சுட ஆரம்பிச்சப்ப, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் நின்னாங்க. 1798-ல, சுடக்கூடாதுன்னு எழுத்துல வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க செஞ்ச பெரிய காரியம், சும்மா இருந்தது. தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. உங்க வீட்டுப் புள்ளைங்களை ஒரே ஒரு தீபாவளிக்கு அப்படி உக்கார வச்சுக் காட்டுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

அவங்க எல்லாம் சாமியாருங்கன்னு நெனச்சிடாதீங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயல்ல பாஞ்சா பயிருக்குத் தழைச்சத்து, உரக்கடைப் பாக்கி குறையும். வயித்தோட சம்பந்தம் இருந்தாத்தான் ஊர் காவல் காக்கும். உங்களுக்கு இந்தத் தோப்போட என்ன சம்பந்தம்? ஃப்ளெக்ஸுல இருக்கிற உங்க மூஞ்சிதானே!

சும்மா இருக்கிறதுன்னா எல்லாத்துக்கும் வாயை மூடிக்கிறதுன்னு எடுத்துக்காதீங்க. 2020-ல அந்த வேடந்தாங்கல் பறவைச் சரணாலயத்தோட அஞ்சு கிலோமீட்டர் எல்லையை மூணாக் கொறைக்கலாம்னு ஒரு காகிதம் கிளம்பிச்சு. காகிதத்துல காட்டை வெட்டக் கோடாலி எதுக்கு? அப்ப நாலு பேர் நல்லாவே சத்தம் போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 2022-ல, அதே ஏரி, உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல்ல ஏறிச்சு.

இப்ப எங்க தோப்புக்கு வருவோம். போன தடவை 'சுத்தம் பண்றோம்'னு புதரை எல்லாம் மழிச்சுப் போட்டீங்களே, அதுக்குள்ளதான் பாலையும் வீரையும் தானா முளைச்சு, ஆடு வாய்க்கு எட்டாம நின்னுச்சு. இந்தக் கடலோரக் காட்டு மரங்க அவசரப்படாது, மெதுவாத்தான் ஏறும். அதைச் சிரைச்சுட்டு அந்த எடத்துல நர்சரியில வாங்கின பூமரத்தை வச்சா, ஐயனாரே குதிரை ஏறி ஊரை விட்டுப் போயிடுவார்.

அதனால நடறதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. முள்வேலி கட்ட வாங்க. சீமைக்கருவேலத்தை வேரோட புடுங்க வாங்க, கையில முள்ளு குத்தும், பரவாயில்ல. சித்திரை வெயில்ல குடம் தூக்க ஆள் தேவைப்படும், அப்பவும் வாங்க. பத்துப் பேர் வேணாம், ரெண்டு பேர் போதும். ஆனா அந்த ஃப்ளெக்ஸை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க தம்பி, நல்லா அகலமா அடிச்சு. எங்க வீட்டுக் கூரை ஒழுகுது.