சுருளியல்: ஒரு சுருக்க ஆய்வு

1. வரையறை

லேத்தில் உலோகத்தைக் கடையும்போது டூலின் முனையிலிருந்து கழன்று விழுவது சுருள். கடைந்து முடித்த பொருளின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு விரலைக் கீறுவது பிசிறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. மாதிரி எஞ்சின் கட்டும் வீட்டுப் பட்டறையின் முதன்மை விளைபொருள் சுருளே; எஞ்சின் அதன் துணை விளைபொருள். சுருள் போக எஞ்சுவதே எஞ்சின் என்று சொற்பிறப்பு காண்பது மொழிநூலுக்கு ஒவ்வாது. ஆனால் தராசுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

2. களம்

சுவிட்சர்லாந்தின் கூர் நகரம் இவ்வாய்வுக்கு வாகானது. 1914-இல் திறக்கப்பட்ட அரோசா ரயில், நிலையத்து வாசலில் புறப்பட்டு, கார்களோடு கார்களாகத் தெருவில் ஓடி மலையேறுகிறது. அதை இயக்கும் ரேத்திய ரயில்வேயின் பாதை 1,000 மி.மீ. அகலம், மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலின் அதே மீட்டர் கேஜ். ரேத்திய ரயில்வேயின் ஜி 4/5 நீராவி எஞ்சின்களும் நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் விண்டர்தூர் நகர ஆலையில் பிறந்த உடன்பிறப்புகள். மாதிரி ரயில்களுக்கான 184 மி.மீ. பாதையில் ஓட, எஞ்சினின் ஒவ்வோர் அளவையும் ஏறத்தாழ 5.43-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு மலைக்கும் ஒரே வகுத்தல் போதும்.

பட்டறைக்கு இடம் தந்தது போர் அச்சம். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, இந்நாட்டு வீடுகளின் அடித்தளங்களில் கான்கிரீட் புகலிடங்கள் பெருகின. போர் வராத காலத்தில் அங்கே ஒயின் புட்டிகளும் பனிச்சறுக்குப் பலகைகளும் குடியிருக்கின்றன. சில வீடுகளில் லேத். குண்டு உள்ளே வராமல் தடுக்கக் கட்டிய கதவால், சுருள் வெளியே போவதைத் தடுக்க முடியவில்லை.

3. வகைகள்

சுருள் நால்வகைப்படும்.

அ) எஃகுச் சுருள்: நீண்டது, கூரியது. சூடு 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாரிக்கும். அழகில் மயங்கிக் கையால் இழுப்பவருக்கு அன்றைய வேலை அத்துடன் முடிந்தது.

ஆ) பித்தளைச் சுருள்: பெயரளவில் மட்டுமே சுருள். ஊசி ஊசியாகத் தெறித்துச் சட்டைக் காலருக்குள் இறங்கும்.

இ) வார்ப்பிரும்புச் சுருள்: உள்ளே கிராஃபைட் இருப்பதால் சுருளாமல் கரும்பொடியாக உதிரும். மூக்கைச் சிந்தினால் தெரியவரும்.

ஈ) அலுமினியச் சுருள்: கீழே விழ மனமின்றி டூலின் முனையிலேயே அப்பிக்கொள்ளும். சிறிது மண்ணெண்ணெய் தடவினால் விட்டுப்போகும்.

4. அளவீடு

எடுத்துக்காட்டாக, ஒரு கிராங்க் தண்டை முழு எஃகு உருளையிலிருந்து கடைந்தெடுப்பதாகக் கொள்க. 30 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. நீளமும் உள்ள உருளை சுமார் 444 கிராம் இருக்கும். முடிந்த தண்டு 70 கிராம் என்றால், சுருள் 374 கிராம். அதாவது நூற்றுக்கு 84 பங்கு. இறுதிக் கடைசலில் ஒரு மைக்ரான் கூடுதலாகப் போய்த் தண்டு பேரிங்கில் தளர்ந்தால், மீதி 70 கிராமும் சுருளின் கணக்கிலேயே வரவு வைக்கப்படும்.

5. பரவல்

சுருளுக்குக் கால் இல்லை, காலுறை உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் வீடுகளில் பரவல் விரைவானது: பட்டறையிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து கம்பளம், கம்பளத்திலிருந்து வீட்டாரின் குதிகால். இந்த இறுதிக் கட்டம் ஒலியால் அறியப்படும். ஓசை எழுப்பும் வேலைகளை ஞாயிறன்று ஊர் பொறுக்காது. ஆகவே அன்று உற்பத்தி பூஜ்யம். எல்லோரும் வீட்டிலிருப்பதால் பரவல் உச்சம்.

6. அப்புறப்படுத்தல்

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இட்டுத் தரையில் உருட்டினால் இரும்பு இனங்கள் பைமீது மயிர்போல் சிலிர்த்து நிற்கும். பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிக் காந்தத்தை உருவினால் அத்தனையும் பைக்குள் அடங்கும். பித்தளையும் அலுமினியமும் காந்தத்துக்கு மசியாதவை. அவற்றுக்குத் துடைப்பமே கதி. வகை பிரித்த உலோகத்தைப் பழைய உலோகச் சேகரிப்பிடத்தில் சேர்த்துவிடலாம்.

துணை விளைபொருளான எஞ்சினுக்கு அங்கே தனித் தொட்டி கிடையாது. எனவே அது கூடத்து அலமாரியில் வைக்கப்படுகிறது.