பதில் கடமை

நாயாற்றில் காலை ஆறரைக்கு ஒரு மனிதர் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்தினால் பயப்படத் தேவையில்லை. அவர் கனடாவுக்குப் போன மனுசியின் மனுசன். எங்கள் கரையூர்களில் இப்போது இப்படி ஒரு வர்க்கமே உண்டு. மகளுக்கு ரொறன்ரோவில் பிள்ளைப்பேறு. பத்தியக்கறி காய்ச்சத் தாய் ஆறு மாதத்துக்குப் பறப்பார். "வீடு வளவை ஆர் பாக்கிறது?" என்று தகப்பன் வாய்தவறிக் கேட்பார். கேட்டவர்தான் பார்க்கவேண்டி வரும்.

என் பெரியப்பா இந்த வர்க்கத்தின் முழு உருவம். முப்பது வருசத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். 2025 தைப்பொங்கல் முடிந்த கையோடு பெரியம்மாவைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டு, இரவு பஸ்ஸில் வந்திறங்கி, "இனி நான்தான் பொறுப்பு" என்று நாய்க்கு அறிவித்தார். ரைகர் கொட்டாவி விட்டது.

கந்தோரில் பெரியவர் லீவில் போனால் ஒருவரைப் 'பதில் கடமை'க்குப் போடுவார்கள். கதிரை அவருக்கு, கையெழுத்து அவருக்கு. ஆனால் பியோன்கூட அவருடைய சொல்லைக் கேட்கமாட்டான். தன் வீட்டிலும் தனக்கு அந்தப் பதவிதான் என்று விளங்கப் பெரியப்பாவுக்கு ஒரு கிழமை எடுத்தது.

பெரியம்மா போகுமுன் ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். 'ரைகருக்கு மீன்முள் போடக்கூடாது. மறியாட்டைப் பயற்றங்கொடிப் பக்கம் கட்டக்கூடாது. சிவலைக்கோழி அடைக்கு நிண்டால் ஒன்பது முட்டை வைக்கவும். ஆறு மணிக்குள்ள கூடு பூட்டவும், மரநாய் வரும்.' நாற்பது பக்கம். பெரியப்பா அதை ஒரு சுற்றுநிருபத்தைப் போல வாசித்து, மூலைக்கு மூலை சரி போட்டு, மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். சுற்றுநிருபத்துக்கு அவர் உத்தியோக காலத்திலும் அதைத்தான் செய்தவர்.

முதல் மாதம் சமையல் பாண்காரனிடம் போயிற்று. இலங்கை முழுக்கப் பாண் ஓட்டோக்கள் பீத்தோவனின் மெட்டு ஒன்றை இசைத்துக்கொண்டுதான் வரும். அது செம்மலைப் பக்கம் கேட்கும்போதே ரைகர் படலையடிக்கு ஓடிவிடும். பீத்தோவனை இந்தளவு மதிக்கும் நாய் வியன்னாவிலும் இருந்திராது. காலையில் பாண், இரவில் ரோஸ்பாண், இடையில் அயல்வீட்டார் அனுப்பும் இறால்கறி. ஊர்ப் பெண்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "பாவம்" என்றார்கள். அந்தப் 'பாவ'த்தில் இரண்டு கிலோ கூடினார்.

வளவு நிர்வாகம் வீடியோ கோலில் நடந்தது. சிக்னல் கிணற்றுக்கட்டில் மட்டும்தான். பெரியம்மா இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு எடுத்தால் இங்கே காலை ஏழரை. பெரியப்பா ஏழு மணிக்கு எழும்பி, கமரா பார்க்கும் அளவுக்கு மட்டும் முற்றம் கூட்டி, கமரா பார்க்கும் அளவுக்கு மட்டும் கத்தரிக்குத் தண்ணீர் விடுவார். இந்த ஏற்பாடு இரண்டு மாதம் வழுவில்லாமல் ஓடியது. மார்ச் 9ஆம் திகதி கனடாக்காரர் வழக்கம்போல மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அடுத்த நாள் போன் ஆறரைக்கே அடித்தது. கூட்டாத முற்றம், ஊற்றாத கத்தரி, உடுத்திருந்த பழைய சாரம் எல்லாம் ஒரேயடியாகக் கடல் கடந்தன.

"இஞ்சாருங்கோ, ஒருக்காக் கோழியளைக் காட்டுங்கோ."

அங்கேதான் சிக்கல். விட்டுப்போனது பதினொன்று. மரநாய் இரண்டைக் கொண்டுபோய் மூன்று கிழமை. ஆனாலும் தினசரி அறிக்கையில் பதினொன்று என்றே போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா போனை மெல்லத் திருப்பி, வலப்பக்கத்துக் கோழிகளைக் காட்டி, முருங்கையைக் கொஞ்ச நேரம் காட்டி, அதற்குள் சிவலைக்கோழியைக் காலால் இடப்பக்கம் தள்ளி, மறுபடி காட்டினார்.

"அந்தச் சிவலை இப்பதானே அங்கால நிண்டது?"

"இது வேற சிவலை."

"வேற சிவலைக்கும் வலக்கால்ல நான் கட்டின நீலத்துணியோ?"

சிக்னல் போய்விட்டது. சிக்னலா போனது, பெரியப்பாவின் பெருவிரலா என்று நான் கேட்கவில்லை.

மீதி ஒன்பதும் மாலையில் கூட்டுக்குப் போக மறுத்தன. பெரியப்பா "பா... பா..." என்பார். கோழிகள் ஒரு கணம் நிமிர்ந்து, கூப்பிட்டவர் யார் என்று பார்த்து, திரும்பக் கிளறப் போய்விடும். ஒருநாள் பெரியம்மா கோலில் இருக்கும்போது தானாகவே "பா... பா... பா..." என்றார். ஒன்பதும் செட்டையடித்துக்கொண்டு போனைச் சுற்றி வந்து நின்றன. அன்றைக்கே பெரியப்பா அந்தக் குரலை வொய்ஸ் மெசேஜாக வாங்கிக்கொண்டார். பதினொரு செக்கன். அதன்பிறகு ஆறு மணிக்கு வளவை ஆண்டது அந்தப் பதினொரு செக்கன்தான்.

குரங்குகளுக்கு அந்தக் குரலும் செல்லவில்லை. அவற்றிடம் ஒரு நியாயம் இருந்தது. 1984 டிசம்பரில் பெரியப்பா குடும்பம் உட்பட இந்தக் கரையூர்ச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. திரும்பி வந்தது போர் முடிந்தபிறகு. கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த வளவில் குரும்பட்டி பொறுக்கி, மாமரத்தைப் பார்த்து, கிணற்றுக்கட்டில் குந்தி இருந்தவை குரங்குகள். அவையும் பதில் கடமை பார்த்தவைதான். நாங்கள் வந்து பொறுப்பைக் கேட்டோம். கடிதம் இல்லாமல் ஒப்படைக்க மறுக்கின்றன, அவ்வளவுதான். கடிதம் என்று பார்த்தால் பெரியப்பாவின் பக்கமும் பலமில்லை. நாயாற்றுக் களப்பு 2017 இல் வர்த்தமானி மூலம் இயற்கை ஒதுக்கமாகிவிட்டது. நாரைக்கும் முதலைக்கும் காணி உறுதியாயிற்று. பெரியப்பாவிடம் இருப்பது ஒரு பழைய பெமிற்றின் போட்டோ கொப்பி.

2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று கொழும்பில் ஒரு பேச்சு அடிபட்டு, நீதிமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டது. "மனுசிக்கு விசா வரவே எட்டு மாசம். குரங்குக்கு உடன குடுக்கப் போறாங்களோ?" என்று பெரியப்பா அப்போதே சொன்னவர். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்கக் கரண்ட் போனதாக அமைச்சர் சொன்னபோது, பெரியப்பா குப்பிவிளக்கைக் கொளுத்திக்கொண்டு, "ஒண்டுக்கே இப்பிடி. என்னட்டை வாறது பதினாறு" என்றார்.

அடுத்த மாதம் அரசாங்கம் அவரைத் தேடி வந்தது. பயிரழிக்கும் விலங்குகளை நாடளாவ எண்ணப்போகிறார்களாம். மார்ச் 15, காலை 8 மணி முதல் 8.05 வரை. தத்தம் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணிப் படிவத்தில் போடவேண்டும். பெரியப்பாவுக்குப் பழைய கந்தோர் இரத்தம் கொதித்தது. கிணற்றடியில் மேசை, கதிரை, நீலப்பேனை, சிவப்புப்பேனை. தோய்த்து மடித்த சேட்டு. ரொறன்ரோவில் இரவு பத்தரை. பேரன் உறங்கவிடாததால் பெரியம்மாவும் போனில் கண்காணிப்பாளராக இருந்தார்.

எட்டு மணி அடித்தது. ஒரு குரங்கு இல்லை. எட்டு மூன்று. கிளைகூட அசையவில்லை. எட்டு நாலில் ஒரேயொரு மயில் கூரையில் இறங்கி, மிளகாய்க் கன்றுகளை நோட்டம் விட்டது. 'மயில் 1' என்று எழுதி, மற்ற இடமெல்லாம் சைபர் போட்டுக் கையெழுத்து வைத்தார். எட்டு ஆறுக்குப் பாலைமரம் குலுங்கியது. பதினாறும் வந்தன. ஒன்று மேசையில் ஏறிச் சிவப்புப்பேனையை எடுத்துக்கொண்டு போனது.

"எழுதுங்கோவன்" என்றார் பெரியம்மா.

"நேரம் முடிஞ்சுது. இனி எழுதினால் பொய்."

"கோழி பதினொண்டு எண்டு எழுதினதோ?"

அன்று சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பெரியப்பா மரநாய்க் கதையை முழுக்கச் சொன்னார்.

பிறகு பொய் நின்றது. சிவலை அடைக்கு நின்றது. லாச்சியைத் திறந்து கொப்பியைப் பார்த்து ஒன்பது முட்டை வைத்தார். ஒருநாள் இரவு பத்து மணியிருக்கும். அவர்கள் வளவிலிருந்து "பா... பா... பா..." என்று கேட்டது. கோழிகள் எப்போதோ அடைந்திருந்தன. திரும்பவும் ஒருமுறை அதே பதினொரு செக்கன். வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற நான் செருமாமல் உள்ளே போனேன்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் பெரியம்மா வந்திறங்கினார். படலையில் பெரியப்பா மாலைபோட நிற்பவர் மாதிரி நின்றார். ரைகர் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. பெரியம்மா பெட்டியைத் திறக்கவில்லை, தேத்தண்ணி குடிக்கவில்லை. நேராகக் கோழிக்கூட்டுக்குப் போனார். பெரியப்பா பின்னால் சீ.ஆர். கொப்பியோடு போனார். கடைசிப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருந்தது.

'கடமை ஒப்படைப்பு. கோழி 9 – குறைவு 2, மரநாய். குஞ்சு 5 – பொரித்தது 7, பருந்து 2. மறியாடு 1 – சரி. பயற்றங்கொடி – இல்லை, மறியாட்டைப் பார்க்கவும். நாய் 1 – சரி. சிவப்புப்பேனை 1 – குரங்கு. வீட்டுக்காரர் 1 – சிறிது பழுது, திருத்தக்கூடியது.'

கீழே இரண்டு வரி. 'ஒப்படைத்தேன்' என்பதற்கு நேரே அவருடைய கையெழுத்து. 'பொறுப்பேற்றேன்' வெறுமையாக இருந்தது.

பெரியம்மா முழுவதையும் வாசித்தார். கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"கையெழுத்துப் பிறகு பாப்பம்" என்றார். "முதல்ல அந்தச் சேட்டைக் கழட்டித் தாங்கோ, தோய்க்க. இவ்வளவு நாளும் உதையே போட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"