ஒன்றரை அடிப் பெருந்தன்மை: ஓர் ஆய்வு

கோல்ஃப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் நீண்ட அடியிலேயே மயங்கிக் கிடந்துவிட்டார்கள். குழிக்கு ஒன்றரை அடி தள்ளி நின்றுவிட்ட பந்தை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வுக்களம் ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒரு கிளப், இரண்டு நண்பர்கள். தோற்பவர் பியர் வாங்கித் தரவேண்டும். ஆய்வு நெறிப்படி பெயர்களை மறைத்து, ஒருவரை வக்கீல் என்றும் மற்றவரைப் பல் டாக்டர் என்றும் அழைப்போம்.

ஒவ்வொரு ஹோலுக்கும் தனித்தனியே வெற்றி தோல்வி பார்ப்பது மேட்ச் பிளே. இதில் எதிராளியின் பந்து குழிக்கு அருகே நின்றால், "போதும், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடலாம். அடுத்த அடியில் உள்ளே போட்டதாகவே கணக்கு. இதுவே கிம்மி. கொடுத்ததைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. "பரவாயில்லை, அடிச்சே போடுறேன்" என்று பெறுபவர் வீம்பு பிடிக்கவும் இடமில்லை.

எவ்வளவு தூரம் வரை கொடுக்கலாம்? விதிப்புத்தகம் வாய் திறக்காததால் இரண்டு மரபுகள் கிளைத்துள்ளன. குழிக்குள் பந்தைத் தட்டும் மட்டையான பட்டரின் கைப்பிடி நீளத்துக்குள், அதாவது சுமார் 10 அங்குலத்துக்குள், பந்து இருக்கவேண்டும் என்பது கஞ்ச மரபு. கைப்பிடிக்குக் கீழுள்ள தண்டின் நீளம், ஏறத்தாழ 2 அடி, போதும் என்பது தாராள மரபு. தன் பந்தை அளக்கும்போது தாராள மரபையும் நண்பரின் பந்துக்குக் கஞ்ச மரபையும் கைக்கொள்பவர் வக்கீல்.

குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்தின் விட்டம் 1.68. இரண்டு பந்துகள் தோளோடு தோள் உரசி இறங்கலாம். பிறகு ஏன் இத்தனை பயம் என்று கேட்பவர்கள் கோல்ஃப் வீரர் ஹேல் இர்வினை நினைக்கவேண்டும். 1983 பிரிட்டிஷ் ஓப்பனில், ராயல் பர்க்டேலில், குழிவாயில் நின்ற பந்தை அலட்சியமாகத் தட்டப்போய் அவர் பட்டர் பந்தைத் தொடவேயில்லை. அதுவும் ஓர் அடிதான். கடைசியில் டாம் வாட்சனிடம் அவர் இழந்ததும் ஒரே ஓர் அடி. அது மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே என்பதால் கிம்மி சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அதே பர்க்டேலில் 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசி ஹோல். அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பந்தைக் குழியில் போட்டார். குனிந்து, பிரிட்டனின் டோனி ஜாக்லினின் இரண்டு மூன்றடித் தட்டலை, அதாவது பட்டை, விட்டுக்கொடுத்தார். 16-16 என்று கோப்பை வரலாற்றில் முதல்முறையாகச் சமன். அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. நம் களத்தில் இந்த நிகழ்ச்சி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது, காட்டுபவர் எப்போதும் பெறும் பக்கத்தில் நிற்பவரே.

இனி நம் கருதுகோள்: கிம்மியின் வலிமை கொடுப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. முதல் பத்து ஹோல்களுக்குப் பல் டாக்டர் கர்ணனின் பரம்பரை. மூன்றடியையும் "எடுங்க, எடுங்க" என்கிறார். வக்கீல் காலையிலிருந்து ஒரு குட்டி பட்டும் அடித்துப் பழகவில்லை. 17ஆம் ஹோலில் இரண்டடி மிச்சம். வக்கீல் பந்தருகே மெல்ல நடக்கிறார், இருமுகிறார், இல்லாத புல்லைக் கிள்ளி எறிகிறார். பல் டாக்டரோ கையுறையின் பட்டையைப் பிரித்து ஒட்டி, மீண்டும் பிரித்துக்கொண்டிருக்கிறார். பந்து குழியின் உதட்டைச் சுற்றி வெளியே வருகிறது. "அடடா, நான் சொல்றதுக்குள்ள அடிச்சிட்டீங்களே!" என்பது பல் டாக்டரின் வாக்குமூலம். அதை நாம் சான்றாக ஏற்கவில்லை.

மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதன் விலைக்கு, அமெரிக்க, ஐரோப்பிய பெண்கள் அணிகள் மோதும் சொல்ஹைம் கோப்பையின் 2015 போட்டியே சாட்சி. ஜெர்மனியில், 17ஆம் ஹோலில், அமெரிக்காவின் அலிசன் லீ ஒன்றரை அடிப் பந்தை, கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணிக் கையில் எடுத்தார். நாங்கள் கொடுக்கவில்லை என்றார் ஐரோப்பிய அணியின் சூசன் பெட்டர்சன். லீயின் அணி ஹோலையும் இழந்தது, ஆட்டத்தையும் இழந்தது. கொதித்த அமெரிக்கர்கள் ஒற்றையர் ஆட்டங்களில் எழுந்து 14.5-13.5 என்று கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டர்சன் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

2019 முதல் விதி சற்று இளகியிருக்கிறது. எதிராளியின் சொல்லையோ செய்கையையோ நியாயமாகத் தவறாகப் புரிந்துகொண்டு பந்தை எடுத்தால் தண்டனையில்லை, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும். கையுறைப் பட்டையைப் பிரிப்பது அத்தகைய செய்கை ஆகாது. வக்கீல்கள் கவனிக்கவும்.