சைக்கிள் யாத்திரைக்கு உகந்த வஸ்திரம்

தஞ்சையிலிருந்து திருவையாறு வழியாகக் கல்லணைவரை, வழிகாட்டி முன்செல்லச் சைக்கிளில் உல்லாச யாத்திரை புறப்படும் கனவான்கள், ஆசனபாகத்தில் மெத்தை தைத்த இறுக்கமான கால்சட்டையை உள்ளாடையின்றி அணிவதே சாஸ்திரோக்தம் என்று விற்பன்னர்கள் விதித்திருப்பதால், பெரிய கோயில் வாசலில் அக்கோலத்தோடு இறங்குங்கால் சுற்றிக்கொள்ள ஒரு வேஷ்டியும் கைவசம் வைத்திருத்தல் க்ஷேமம். பின்னால் நெல் மூட்டையோடு, வேஷ்டியை மடித்துக் கட்டி, அவர்களை அநாயாசமாக முந்திச் செல்லும் உள்ளூர்ப் பெரியவருக்கு இந்தச் சாஸ்திரம் இன்னும் உபதேசமாகவில்லை. 1991-இல் அண்டைப் புதுக்கோட்டையில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் தயவால் சைக்கிள் பழகிய ஆயிரக்கணக்கான பெண்களில், சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியவர்களே அநேகர். துண்டு மட்டும் அத்தியாவசியம்: வியர்வை துடைக்கலாம், சங்கிலி கழன்றால் கை துடைக்கலாம், மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் பக்ஷத்தில் காவேரியில் ஸ்நானமும் செய்யலாம்.