பாலிஷ் சார்

பாலிஷ் சாரின் கையிலிருந்து துணி நழுவிக் கீழே விழுந்தால், தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். நல்ல மனசோடு குனிந்து எடுத்து, நாலு தட்டுத் தட்டி நீட்டுவீர்கள். அவர் வாங்க மாட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்து, “அத அப்படியே படிக்கட்டுகிட்ட வச்சிடுங்க. இனிமே அது டயருக்கு” என்பார். ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை பானெட்டில் புழங்கிக்கொண்டிருந்த துணி, உங்கள் கண்ணெதிரே பதவியிறக்கம் பெற்று டயருக்குப் போய்விடும். மேல்முறையீடு கிடையாது.

அவரிடம் இருப்பவை வெறும் துணிகள் அல்ல, ஒரு சமஸ்தானம். பெயிண்டைத் தொடும் உரிமை நீலத்துக்கு மட்டும். கண்ணாடிக்கு மஞ்சள். டேஷ்போர்டுக்குச் சாம்பல் நிறம். கதவைத் திறந்தால் தெரியும் இடுக்குக்குப் பச்சை. அதற்கும் கீழே இன்ஜின். எல்லாவற்றுக்கும் அடியில், போக்கிடம் இல்லாத துணிகள் கடைசியாக வந்து சேருமிடம் டயர். இந்த ஏணியில் துணி இறங்கலாம், ஏற முடியாது. எவ்வளவு துவைத்தாலும் டயர்த் துணி மறுபடி பானெட்டுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பழைய வீடுகளில் பாட்டிமார் மடித்துணியைக் கழியால் தூக்கி உயரக் கொடியில் உலர்த்துவார்கள். குழந்தை ஓடிவந்து பட்டுவிட்டால் போச்சு, மறுபடியும் முக்கிப் பிழிய வேண்டும். அந்த ஆசாரம் ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒழியவில்லை. எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில், மற்றவர்களின் லுங்கி, நைட்டி எதுவும் காற்றில் பறந்து வந்து ஒட்டாத தூரத்தில் தனிக்கொடி கட்டி, மைக்ரோஃபைபராக உலர்ந்துகொண்டிருக்கிறது.

துவைப்பதற்கும் சாஸ்திரம் உண்டு. பருத்தித் துணியோடு சேர்க்கக் கூடாது, பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கம்ஃபர்ட் போன்ற வாசனைத் திரவம் ஒரு சொட்டும் கூடாது, இழை அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. கொதிக்கிற வெந்நீர் கூடாது. இஸ்திரி போட்டால் மகாபாவம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாஷிங் மெஷின் காருக்குச் சொந்தம். பையனின் யூனிஃபார்ம் வாளியில் ஊறிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். “என் பட்டுப் புடவைய ஒரு நாள் இவர் மடிச்சு வச்சதில்ல. இந்தத் துண்டுக்கு எத்தன ஜி.எஸ்.எம்.னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாரு” என்றார் அவர் வீட்டம்மா. உண்மைதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு அது. துடைக்க 300, 400. ஈரம் ஒற்ற 1000-க்கு மேல். கல்யாண ஜவுளிக்குப் போனபோது கடைக்காரரிடம் வேட்டியின் ஜி.எஸ்.எம். கேட்டு, அந்த மனிதர் உள்ளே போய் முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், விஷயத்தில் அவர் சொல்வது சரி. தரையில் விழுந்த துணியில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஏறிக்கொள்கிறது. அதோடு தேய்த்தால் பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட்டில் மெல்லிய கீறல் விழுகிறது. வருஷக்கணக்கில் அப்படித் தேய்த்த கார்களில்தான் வெயில் படும்போது சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடு தெரிகிறது. சரியாகச் சொல்பவரைத் திட்டவும் முடியாமல், அவரோடு வாழவும் முடியாமல் அவதிப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரே அடுக்ககத்தில் குடியிருந்தால்தான் தெரியும்.

அவரும் சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டார். டார்ச் எடுப்பார். உங்கள் காரின் மேல், உங்கள் அனுமதி இல்லாமல், சாய்வாக வெளிச்சம் அடிப்பார். “பாருங்க... தெரியுதா? இங்க... இதோ, இதுவும்.” அதுவரை உங்கள் கார் நல்ல கார். அந்த நிமிஷத்திலிருந்து அது கோடு விழுந்த கார். வாங்கி மூன்றே மாதமான வண்டியில் டார்ச் அடித்துக் காட்டி, நான்காவது மாடித் தம்பதியின் முகத்திலிருந்த புதுக்கார்க் களையை அவர் ஒரே ராத்திரியில் துடைத்தெடுத்துவிட்டார். அதுவும் எந்தத் துணியும் இல்லாமல்.

எங்கள் கட்டடத்தில் காலையில் கார் துடைக்க ஒரு பெரியவர் வருவார். ஒரு வாளி, ஒரு பழைய பனியன். அந்த ஒரே தண்ணீரில் அத்தனை காரும் முடிந்துவிடும். பாலிஷ் சாருக்கு அதைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும். ஒரு நாள் பெரியவரை உட்காரவைத்து, மணல், கீறல், கிளியர் கோட் எல்லாம் விளக்கி, புத்தம்புது நீலத் துணி இரண்டைக் கையில் கொடுத்தார். மறுநாள் பெரியவர் வழக்கம்போல பனியனால் துடைத்தார். வேலை முடிந்ததும் நீலத் துணியை இடுப்பிலிருந்து உருவிக் கழுத்து, முகம் எல்லாம் அழுந்தத் துடைத்துக்கொண்டு, “மெத்துனு இருக்குது சார், வேர்வைய நல்லா இழுக்குது” என்றார். பாலிஷ் சார் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

காரைப் பற்றிச் சொல்லவே இல்லையே. 2008-ஆம் வருஷத்து சான்ட்ரோ ஜிங். நம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த பிள்ளை. 1998-இல் முதல் சான்ட்ரோ வந்தபோது, இதென்ன தொப்பி போட்ட மாதிரி உயரமாக இருக்கிறது என்று சிரித்த ஊர், பிறகு தெருவுக்கு நாலு வாங்கி நிறுத்தியது. இவருடையது கருப்பு. கருப்பு வாங்கினவன் காருக்கு வேலைக்காரன் என்பது அவருடைய பொன்மொழி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தின் சாயலே இருக்காது.

மற்றச் சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் நுரை. பிறகு இரும்புத்தூள் கரைக்கும் திரவம். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய துகளில் பட்டதும் அது ஊதாவாக மாறி வழியும், அழுகிய முட்டை நாற்றம் இரண்டாம் மாடி வரை ஏறும். பிறகு களிமண் மாதிரி ஒரு கட்டியை வைத்து உருட்டல். பிறகு காம்பவுண்டு, பாலிஷ், கடைசியில் பிரேசில் பனை மரத்து இலையிலிருந்து எடுத்த கார்னூபா மெழுகு. ஜி.பி. ரோட்டில் கிடைக்காததை ஆன்லைனில் வாங்குவார். அங்கும் இல்லாத பிளாஸ்டிக் உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டையில் ஒரு நாளையே செலவழிப்பார்.

ஒன்று மட்டும் அவர் வாயிலிருந்தே கேட்டது. பாலிஷ் போட்டால் எதுவும் கூடுவதில்லை, குறையத்தான் செய்யும். கீறல் ஆழத்துக்கு மேல்தோலைச் சீவி மட்டமாக்குவதுதான் பளபளப்பு. கிளியர் கோட்டே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்று அதைவிடத் தடிமன். ஓரங்களில் இன்னும் மெல்லிசு. அதனால் அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். பெயிண்ட் தீர்ந்துவிடுமே என்று பாலிஷ் போடாமல் இருக்க வேண்டும். போடாமலும் இருக்க முடியவில்லை. அந்தத் தவிப்பில் அவரைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பாவம் பார்க்க முடியாது. ஷாம்புக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி, சக்கரத்துக்குத் தனி வாளி, கடைசியாகப் பிரஷர் வாஷர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர் இது. அப்போது மட்டும் அவர் தண்ணீர் இல்லாமல் கழுவும் திரவம் ஒன்றை வாங்கி, சின்ன பாட்டிலோடு முடித்துக்கொண்டார். கார் அப்போதும் பளபளத்தது. மழை பெய்து ஏரி நிறைந்த மறுவாரமே வாளிகள் திரும்பி வந்துவிட்டன. பாட்டிலில் முடிகிற வேலைக்கு வாளி எதற்கு என்று சங்கக் கூட்டத்தில் கேட்டால், “அது வேற, இது வேற” என்கிறார்.

ஆனால் ஹெட்லைட் என்று வந்தால் அவர் வேறு மனிதர். இந்தக் காலத்துக் கார்களுக்கு முகப்பு விளக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒன்று உண்டு. அது தேய்ந்ததும் விளக்கு மஞ்சள் பூத்து மங்கிப்போகும். அம்பாசிடருக்குக் கண்ணாடி விளக்கு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பற்பசை தேய்த்தால் வெளுக்கும் என்பார்கள். வெளுக்கும், சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். முதல் மாடியில் ராத்திரியில் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டும் தம்பியின் விளக்கை ஒரு நாள் இவர் பார்த்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. 800-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 1000, 2000, 3000 என்று தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சையும் அடித்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. காசு நீட்டியபோது, “அதெல்லாம் வேணாம். சமையக்கட்டுத் துணியால மட்டும் தொடச்சிடாத, நல்லா இருப்ப” என்றார். தம்பிக்கு ராத்திரி ரோடு தெரிகிறது. இப்படி எங்கள் கட்டடத்தில் அவர் கை பட்ட விளக்குகள் ஏராளம்.

இவ்வளவு நல்ல மனுஷர் மேல் எனக்கு ஏன் கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2023-இல் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகிவிட்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் முழுக்க மெழுகு மேல் மெழுகாக ஏற்றி, கண்ணாடியாக்கி ஓட்டிக்கொண்டு போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் பெயிண்ட் பக்கமே திரும்பவில்லை. சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், இண்டிகேட்டர் போடச் சொன்னார், குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். “டயர மாத்திட்டு வாங்க.”

மாற்றினார். எப்படி? மைத்துனர் வீட்டிலும் ஒரு சான்ட்ரோ. அதன் நாலு டயரையும் ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டி, எஃப்.சி. காட்டி, சாயங்காலமே கழற்றிக் கொடுத்துவிட்டார். பழைய டயர்கள் தங்கள் இடத்துக்கே திரும்பின. டயர் பாலிஷ் அடித்ததில் இன்றைக்கும் கரிய மினுமினுப்போடு இருக்கின்றன. வெடிப்பு இருக்கிறதா என்று தெரியாது. பாலிஷ் அதை மூடிவிடுகிறது. கேட்டால், “பட்டன் நல்லா இருக்கே” என்கிறார். இருக்கும். வண்டி அதிகம் ஓடினால்தானே பட்டன் தேய்வதற்கு? ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது.

மழை நாள் ஒன்றில் அந்த வண்டியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேளச்சேரி சிக்னலில் பிரேக் மிதித்தார். கார் நின்றது, அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. முன்னால் இருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது. பாலிஷ் சார் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பம்பரில் கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காரில்தான் பையனை டியூஷனுக்குக் கூட்டிப்போகிறார். எங்கள் கட்டடத்துப் பெரியவர்களுக்கு நடுராத்திரியில் ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கார்தான் கிளம்புகிறது. மெழுகுக்கும் துணிக்கும் இத்தனை வருஷத்தில் அவர் கொட்டிய காசில் நாலு டயரை இரண்டு தடவை மாற்றியிருக்கலாம். இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

உங்கள் அடுக்ககத்திலும் ஒரு பாலிஷ் சார் இருப்பார். அடுத்த தடவை உங்கள் காரில் டார்ச் அடித்துக் கோடு காட்ட வந்தால் மறுக்காதீர்கள். காட்டி முடித்ததும் அவர் காருக்குக் கூட்டிப்போய், டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், கடைசி இரண்டும் வருஷம். எங்கள் சாருடையதில் 2814 என்று இருக்கிறது. உங்கள் சாருடையதில் எவ்வளவு என்று அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.