மொட்டைமாடியிலிருந்து புதுக் கோள் கண்டுபிடிப்பது எப்படி?

வானத்தைப் படமெடுக்கும் ஆசாமிகளில் பலர் உருப்படாமல் போவதற்குக் காரணம் பொறுமை. ஒரே நெபுலாவை ராத்திரி முழுக்க எடுத்து, கணினியில் அடுக்கி, சுத்தம் செய்து, கடைசியில் ஊரில் எல்லாரிடமும் இருக்கும் அதே படத்தை வந்தடைகிறார்கள். புகழ் வேண்டுமென்றால் விளக்க முடியாத ஒரு புள்ளியோ கோடோ வேண்டும். அது தானாகவே கிடைக்கும். கிடைத்ததை விளக்கங்களிடமிருந்து காப்பாற்றுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

முதல் வேலையாக, டார்க் ஃபிரேம் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். மூடியைப் போட்டுவிட்டு, அதே எக்ஸ்போஷரில் வெறும் இருட்டைப் படமெடுப்பதற்கு அந்தப் பெயர். சென்சாரில் சில பிக்சல்கள் வெளிச்சமே படாவிட்டாலும் பளிச்சென்று எரியும். நம் ஊர் வெக்கையில் இன்னும் கூடுதலாகவே எரியும். ஹாட் பிக்சல் என்பார்கள். மூடி போட்ட படத்திலும் அது அதே இடத்தில் தெரிந்துவிட்டால் உங்கள் கோளின் கதை அங்கேயே முடிந்தது. எடுக்காமல் விட்டீர்களோ, யோகம்தான். ட்ராக்கிங் லேசாகப் பிசகியிருந்தால் நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்கும்போது, சென்சாரில் அசையாமல் உட்கார்ந்திருந்த பிக்சல் நட்சத்திரங்களுக்கு நடுவே வரிசையாக நடக்க ஆரம்பிக்கும். சிறுகோள் நகர்வதும் அச்சு அசலாக இப்படித்தான் தெரியும். வேகம், திசை எல்லாம் கணக்குப் போடலாம், பெயர்கூட வைக்கலாம். படத்துக்குப் படம் டெலஸ்கோப்பை வேண்டுமென்றே கண்டபடி சற்று நகர்த்தும் டிதரிங் என்றொரு உத்தி உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள்.

நிலாவுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழுந்திருக்கிறதா? அது படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறம், நிலா இருக்கும் அதே தூரத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். கேமராவை ஆட்டியும் பார்க்காதீர்கள். நிலா இடப்பக்கம் போனால் புள்ளி வலப்பக்கம் ஓடி, லென்ஸுக்குள்ளேயே எதிரொளித்த பிம்பம் என்ற குட்டு உடைந்துவிடும்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் வரும் புழு போன்ற கீறலை என்ன செய்வது? பெரும்பாலும் காஸ்மிக் கதிரின் வேலை. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு குப்பையில் இது ஒன்றுதான் நிஜமாகவே விண்வெளியோடு சம்பந்தப்பட்டது. ஆனால் லென்ஸ் வழியாக வந்ததல்ல. சென்சாரை நேராகத் துளைத்துக்கொண்டு போனது. மூடி போட்டிருந்தாலும் வந்திருக்கும்.

இடத் தேர்வும் முக்கியம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்கள், சென்னையிலிருந்து பார்த்தால், ஓரியனின் இடுப்புப்பட்டையை ஒட்டியே வரிசைகட்டி நிற்கும். அங்கே கேமராவைத் திருப்பினால் கோடுகளுக்குப் பஞ்சமே இராது.

யாராவது சிரித்தால் பெரிய இடத்து உதாரணம் காட்டுங்கள். 2017இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி, ஜிஎன்-இசட்11 என்ற அதிதொலைவு விண்மீன் மண்டலத்தின் திசையில் ஒரு மின்னலைப் பதிவு செய்தது. சுமார் 1,340 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பாக இருக்கலாம் என்று 2020இல் கட்டுரை வந்தது. மறு வருஷமே வேறொரு குழு, குறுக்கே போனது பழைய ரஷ்ய ராக்கெட் ஒன்றின் மேலடுக்கு என்று காட்டியது. 2025 ஜனவரியில் புதுச் சிறுகோளாகப் பட்டியலில் ஏறி, ஒரு நாளுக்குள் நீக்கப்பட்ட 2018 சிஎன்41, ஈலான் மஸ்க் விண்வெளிக்கு அனுப்பிவைத்த கார்.

மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செயின்டி என்ற மூன்று அமெச்சூர்களை மட்டும் பின்பற்றிவிடாதீர்கள். உலகமே படமெடுத்துத் தீர்த்த ஆண்ட்ரோமெடாவின் அருகே பிரம்மாண்டமான ஆக்சிஜன் வளைவு ஒன்று அவர்கள் படத்தில் மங்கலாக விழுந்தது. உடனே கொண்டாட வேண்டியதுதானே? எதிரொளிப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, நூறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் சேர்த்து, வேறு இடங்களில், வேறு டெலஸ்கோப்புகளில் மற்றவர்களையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வளைவு எல்லாவற்றிலும் இருந்தது. 2023 ஜனவரியில்தான் கட்டுரை வெளியானது.

உங்களுக்கு அவ்வளவு காலம் எதற்கு? அறிவிப்பை இன்றிரவே வெளியிட்டுவிடுங்கள். நாளை வானம் தெளிவாக இருந்தால் யாராவது சரிபார்த்துத் தொலைப்பார்கள்.